கிளாஸ் தேர்வுக்கு முன் டிஎம்மிடம் கேட்க மூன்று கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, பகடை உருட்டிக் கூட்டாகக் கதை ஆடும் ஆட்டத்தில் புதிய ஃபேன்டஸி கேம்பெய்ன் (பல அமர்வுகளாக நீளும் தொடர்கதை) தொடங்கப்போகிறது என்று தெரிந்ததுமே பலரும் நேராகப் போய் நிற்பது கிளாஸ் பட்டியலில்தான், அதாவது கேரக்டர் வீரனா, மந்திரவாதியா, திருடனா என்ற தேர்வில்தான். படத்தையும் பெயரையும் பார்த்து ஏதோ ஒன்றின் மேல் மனம் விழுந்துவிடும். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் கேரக்டரின் பெயர், ஊர், குணம், பழிவாங்கத் துடிக்கும் பின்கதை எல்லாவற்றையும் ஏறக்குறைய எந்தக் கிளாஸின் மேலும் ஏற்றிவிடலாம். ஆலயத்தைக் காக்கும் வீரன் ஒருவனை ஃபைட்டராகவும் எழுதலாம், பேலடினாகவும் எழுதலாம், கிளெரிக்காகவும் எழுதலாம். உங்கள் முறை வரும்போது கையிருப்பில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு சீக்கிரம் தீரும், தீர்ந்தது எப்போது திரும்பி வரும் என்பவற்றைத்தான் கிளாஸ் தீர்மானிக்கிறது. இதற்கான விடையில் பாதிதான் புத்தகத்தில் இருக்கிறது. மறுபாதி, உங்கள் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையையும் எதிரிகளையும் கையாள்பவர்) ஆட்டத்தை நடத்தும் விதத்தில் இருக்கிறது.

இங்கே பேசுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பைப் பற்றி. பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் 12 கிளாஸ்கள்: பார்பேரியன், பார்ட், கிளெரிக், டுரூயிட், ஃபைட்டர், மாங்க், பேலடின், ரேஞ்சர், ரோக், சார்சரர், வார்லாக், விஸார்ட். டிஎம்மிடம் முதலில் கேட்க வேண்டியது, ஆடப்போவது 2014 புத்தகமா 2024 புத்தகமா என்று. அடுத்தது, எந்த லெவலில் தொடங்கி எதுவரை போக உத்தேசம் என்று. மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் (இரவுத் தூக்கம் போன்ற நீண்ட ஓய்வு) அடுத்த லாங் ரெஸ்ட்டுக்கும் இடையில் வழக்கமாக எத்தனை சண்டை வரும்?

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2014 விதிகளில் கிளெரிக், சார்சரர், வார்லாக் மூவரும் முதல் லெவலிலேயே சப்கிளாஸ் (கிளாஸுக்குள் ஒரு தனிப்பிரிவு) எடுத்துவிடுவார்கள். விஸார்டும் டுரூயிடும் 2-ஆம் லெவலில், மற்றவர்கள் 3-ஆம் லெவலில். 2024 புத்தகத்தில் எல்லாருக்கும் 3-ஆம் லெவல்தான். ஃபைட்டர், பார்பேரியன், பேலடின், ரேஞ்சர், ரோக் ஆகியோருக்கு வெப்பன் மாஸ்டரி என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. எதிராளியைத் தள்ளுவது, கீழே விழவைப்பது போன்ற வேலைகளை ஆயுதமே செய்கிறது. ஆகவே "ஃபைட்டர் என்றால் வெட்டுவது மட்டும்தானே" என்ற பழைய குறை 2024-இல் அவ்வளவாகப் பொருந்தாது. பேலடினின் டிவைன் ஸ்மைட் (தன் அடி எதிராளி மேல் பட்டதும் கூடுதல் டேமேஜ் சேர்க்கும் சக்தி) 2024-இல் போனஸ் ஆக்ஷன் (ஒரு முறையில் ஒன்றுதான் கிடைக்கும் துணைச் செயல்) கேட்கும் ஸ்பெல் (மந்திரம்) ஆகிவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்துத் திட்டம் போட்டு வந்தால் முதல் சண்டையிலேயே அந்தத் திட்டம் உடைந்துபோகும்.

மூன்றாம் கேள்விக்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். ஷார்ட் ரெஸ்ட் ஒரு மணி நேரம், லாங் ரெஸ்ட் எட்டு மணி நேரம். சில கிளாஸ்களின் சக்தி ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்பும், சிலவற்றுக்கு லாங் ரெஸ்ட் வேண்டும். 2014-இன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகளைப் பார்ட்டி (கேரக்டர்களின் குழு) தாங்கும், இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் தேவைப்படும் என்று கணக்கு வைத்திருக்கிறது. கிளாஸ்களுக்கு இடையிலான சமநிலையும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. கதைக்கு முன்னுரிமை தரும் பல மேசைகளிலோ ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய சண்டைதான் நடக்கும்; பிறகு எல்லாரும் தூங்கப் போய்விடுவார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 5-ஆம் லெவலில், 2014 விதிப்படி பார்க்கலாம். விஸார்டிடம் முதல் நிலை ஸ்லாட் (அந்த நிலை ஸ்பெல் ஒன்றைப் போடச் செலவாகும் இடம்; நிலை கூடினால் ஸ்பெல் வலுவாகும்) நான்கு, இரண்டாம் நிலை மூன்று, மூன்றாம் நிலை இரண்டு, ஆக ஒன்பது. வார்லாக்கிடம் இரண்டே இரண்டு, ஆனால் இரண்டுமே மூன்றாம் நிலை. நாளுக்கு ஒரே சண்டை என்றால் விஸார்ட் ஒன்பதையும் கொட்டித் தீர்க்கலாம். வார்லாக் இரண்டைப் போட்டுவிட்டு மீதி நேரம் முழுக்க ஸ்லாட் கேட்காத எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே நாளில் ஆறு சண்டையும் இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டும் இருந்தால் வார்லாக்கின் மூன்றாம் நிலை ஸ்பெல் ஆறாகிறது. விஸார்ட் ஆர்கேன் ரிகவரி மூலம் ஒன்றை மீட்டாலும் மூன்றுதான். புத்தகமும் அதேதான், கேரக்டர் ஷீட்டும் அதேதான். தராசு மட்டும் தலைகீழாகிவிட்டது.

பேலடின் கதையும் இப்படியே. 5-ஆம் லெவலில் முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. 2014-இல் ஸ்மைட்டுக்கு முதல் நிலை ஸ்லாட் 2டி8 (எட்டு முகப் பகடை இரண்டு), இரண்டாம் நிலை ஸ்லாட் 3டி8 தரும். மூன்று சுற்றுச் சண்டையில் சுற்றுக்கு இரண்டு அடி. ஆறும் பட்டு ஆறிலும் ஸ்மைட் போட்டால் மொத்தம் 14டி8, சராசரியாக 63 கூடுதல் டேமேஜ். ஒரு சண்டை நாளில் இதற்கு முன் யாரும் நிற்க முடியாது. ஆறு சண்டை நாளில் சண்டைக்கு ஒரு ஸ்மைட்தான் என்று சிக்கனம் பிடிக்க வேண்டும். 2024-இல் ஒரு முறைக்கு (டர்ன்) ஒரு ஸ்மைட்தான் போட முடியும் என்பதால் இந்த வெடிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

மாங்க்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. 5-ஆம் லெவலில் ஐந்து கீ (சக்திப் புள்ளி). ஃப்ளர்ரி ஆஃப் புளோஸ் (கூடுதல் குத்துகள்) ஒன்று கேட்கும், ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் (எதிராளியைத் திகைக்கவைத்து முடக்குவது) ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்று கேட்கும். ஆசைப்பட்டு இரண்டையும் கலந்து ஆடினால் இரண்டே சுற்றில் கை காலி. ஷார்ட் ரெஸ்ட் தராத டிஎம்மிடம் 2014 மாங்க் ஆடுவது வீண் வேலை என்பதே என் கருத்து. 2024-இல் மாங்க்குக்கும் வார்லாக்குக்கும் இந்தக் குறை ஓரளவு தீர்ந்திருக்கிறது. நாளுக்கு ஒருமுறை இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்று உருட்டுவது) போடும் நேரத்தில் மாங்க் தன் புள்ளிகளைத் திரும்பப் பெறலாம்; வார்லாக் ஒரு நிமிடச் சடங்கில் பாதி ஸ்லாட்டுகளை மீட்கலாம்.

ஃபைட்டரின் ஆக்ஷன் சர்ஜ் (ஒரு கூடுதல் ஆக்ஷன்) ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்பும். பார்பேரியனின் ரேஜ் (சண்டை வெறி) 3-ஆம் லெவல் முதல் 5-ஆம் லெவல் வரை நாளுக்கு மூன்று, 2014-இல் லாங் ரெஸ்ட்டில்தான் திரும்பும். ஆறு சண்டை நாளில் மூன்று சண்டைகளை ரேஜ் இல்லாமல்தான் ஓட்ட வேண்டும். ரோக் மட்டும்தான் இந்தக் கணக்கு எதற்கும் கட்டுப்படாத ஆள். ஸ்னீக் அட்டாக்குக்கு (ரோக்கின் கூடுதல் டேமேஜ்) ஸ்லாட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. டிஎம் எப்படி நடத்துவார் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் ரோக் ஏமாற்றாது.

"சண்டை எத்தனை வரும் என்று இப்போதே எப்படிச் சொல்வது?" என்று டிஎம் கேட்டால், கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: பாழடைந்த கோட்டை, குகை, சுரங்கம் என்று இடம் இடமாகப் புகுந்து தேடும் கதையா, நகரத்து அரசியலும் நீண்ட பயணமுமா? முன்னதில் சண்டைகள் அடுத்தடுத்து வரும். பின்னதில் ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் நாட்கள் கடந்துபோகும்.

இனி லெவல். முதல் லெவலில் தொடங்கும் ஆட்டத்தில் உயிர் மிக மலிவு. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14 உள்ள விஸார்டுக்கு 6 கூட்டல் 2, எட்டு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). 2014 காப்ளின் (சிறு அரக்கன்) அடிக்க டி20-உடன் (இருபது முகப் பகடை) 4 கூட்டும்; பட்டால் 1டி6+2. பகடையில் 6 விழுந்தால் ஒரே அடியில் விஸார்ட் தரையில் கிடப்பார். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14-உடன் வெறும் உடையில் ஏசி (அடி பட எதிராளியின் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 12, காப்ளினுக்கு 65 சதவீத வாய்ப்பு. மேஜ் ஆர்மர் ஸ்பெல் போட்டால் ஏசி 15, வாய்ப்பு 50 சதவீதம்; ஆனால் முதல் லெவலின் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று அதற்கே போய்விடும். செயின் மெயிலும் கேடயமும் அணிந்த ஃபைட்டருக்கு ஏசி 18, வாய்ப்பு 35 சதவீதம். ரேஜ் போட்ட பார்பேரியனுக்கு 15 ஹிட் பாயின்ட் இருந்தாலும், ஆயுத அடி பாதியாகக் குறைவதால் 30 இருப்பது போலத்தான்.

இதெல்லாம் 5-ஆம் லெவலில் மாறிவிடும். ஃபைட்டர், பார்பேரியன், பேலடின், ரேஞ்சர், மாங்க் ஐவருக்கும் இரண்டாவது அடி கிடைக்கும். விஸார்டுக்கும் சார்சரருக்கும் ஃபயர்பால் வரும்: 20 அடி ஆரத்தில் நிற்கும் எல்லாருக்கும் 8டி6, சராசரி 28. ஆக, 3-ஆம் லெவலோடு முடியும் சின்ன கேம்பெய்ன் என்றால் "பிறகு பிரமாதமாக இருக்கும்" என்ற கிளாஸை எடுப்பதில் பொருளில்லை. அனுபவப் புள்ளிக் கணக்கில் ஆடினால் 2-ஆம் லெவலுக்கு 300 போதும், 5-ஆம் லெவலுக்கு 6,500 வேண்டும். மாதம் ஒருமுறை கூடும் குழுவுக்கு அது வெகு தூரம். மல்டிகிளாஸ் (இரண்டு கிளாஸ்களைக் கலப்பது) ஆசை இருப்பவர்களும் இங்கேதான் இடறுகிறார்கள். ஃபைட்டர் 3, ரோக் 2 என்று பிரித்துக்கொண்டவர், மற்றவர்கள் இரண்டு முறை அடிக்கும் நேரத்தில் ஒருமுறைதான் அடிப்பார். முதல் ஐந்து லெவலை ஒரே கிளாஸில் கடந்துவிட்டு, பிறகு பிரிவதே பெரும்பாலும் நல்லது.

ஸ்ட்ரென்த், டெக்ஸ்டெரிட்டி போன்ற திறன்களுக்கான எண்களை எப்படிப் பெறுகிறீர்கள் என்பதும் கிளாஸைத் தீர்மானிக்கும். ஸ்டாண்டர்ட் அரே என்றால் 15, 14, 13, 12, 10, 8. பாயின்ட் பை என்றால் 27 புள்ளி. 15-க்கு 9 புள்ளி, 14-க்கு 7, 13-க்கு 5. மூன்று 15 வாங்கினால் மற்ற மூன்றும் 8-இலேயே நிற்கும். இந்த இரண்டு முறையிலும் எந்தக் கிளாஸும் ஓடும். பகடை உருட்டித்தான் எண் என்று டிஎம் சொன்னால், உருட்டி முடிக்கும்வரை கிளாஸை முடிவு செய்யாதீர்கள். விஸார்டுக்கு இன்டெலிஜென்ஸ் ஒன்று நன்றாக இருந்தால் போதும், ரோக்குக்கு டெக்ஸ்டெரிட்டி, வார்லாக்குக்கு கரிஸ்மா. பேலடினுக்கு ஸ்ட்ரென்த், கரிஸ்மா, கான்ஸ்டிட்யூஷன் மூன்றும் வேண்டும். மாங்க்குக்கு டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம், கான்ஸ்டிட்யூஷன். ஒரே ஒரு 16 விழுந்து மற்றவை 11, 10, 9 என்று கிடந்தால் பேலடின் கனவை அடுத்த ஆட்டத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

பார்ட்டியில் யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்க்கும்போது "முன்னால் நிற்பவர், திருடர், மந்திரவாதி, வைத்தியர்" என்ற நால்வர் கட்டாயம் என்பார்கள். 1974-இல் வெளியான முதல் ஆட்டத்தில் ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக் என்று மூன்றே கிளாஸ்தான் இருந்தன; திருடன் 1975-இல் துணைநூல் வழியாகத்தான் வந்தான். ஐந்தாம் பதிப்பில் அந்த நால்வர் கட்டாயமே இல்லை. பூட்டைத் திறக்க ரோக் வேண்டியதில்லை. கிரிமினல் பின்னணி எடுத்த யாருக்கும் தீவ்ஸ் டூல்ஸ் பழக்கம் கிடைத்துவிடும்.

வைத்தியர் விஷயத்தில்தான் பெரிய குழப்பம். குழுவின் வற்புறுத்தலுக்காக ஒருவர் மனமில்லாமல் கிளெரிக் எடுத்து, ஒவ்வொரு முறையும் க்யூர் வூண்ட்ஸ் போட்டுக்கொண்டே சலித்துப்போவார். கணக்குப்படியே அது தவறான ஆட்டம். 2014-இன் க்யூர் வூண்ட்ஸ் 1டி8 கூட்டல் 3 என்றால் சராசரி 7.5; ஓகர் (பெரிய அரக்கன்) ஒன்றின் தண்டம் சராசரியாக 13 அடிக்கும். நிரப்பும் வேகத்தைவிட ஒழுகும் வேகம் அதிகம். அதோடு, இந்த ஆட்டத்தில் 1 ஹிட் பாயின்ட்டில் நிற்பவரும் முழு பலத்தோடு நிற்பவரும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள். எனவே விழுந்தவரை எழுப்பினால் போதும். அதற்குப் பார்ட், கிளெரிக், டுரூயிட் மூவருக்கும் கிடைக்கும் ஹீலிங் வேர்ட் இருக்கிறது: 60 அடி தூரத்திலிருந்து, போனஸ் ஆக்ஷனில். பேலடினின் லே ஆன் ஹேண்ட்ஸும் உதவும். லெவலுக்கு ஐந்து புள்ளி, ஒரு புள்ளி செலவழித்தாலே ஆள் எழுந்துவிடுவார். இந்த நால்வரில் ஒருவர் இருந்தால் "வைத்தியர்" இடம் நிரம்பியது. கிளெரிக் எடுத்தவர் நிம்மதியாக பிளெஸ் (கூட்டாளிகளின் உருட்டலுக்குக் கைகொடுக்கும் ஸ்பெல்) போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகலாம்.

யாரும் கவனிக்காத ஓட்டை வேறொன்று உண்டு. பார்ட், பேலடின், சார்சரர், வார்லாக் நான்கும் கரிஸ்மாவில் ஓடுபவை. இவர்களில் மூவர் ஒரே பார்ட்டியில் சேர்ந்துவிட்டால் எல்லாரும் பேச்சில் வல்லவர்கள், ஆனால் பழைய கல்வெட்டைப் படிக்கவோ துப்பு துலக்கவோ ஆளிருக்காது. அந்த 12 பேரில் இன்டெலிஜென்ஸை முதன்மையாகக் கொண்டவர் விஸார்ட் மட்டுமே. புதிர்களும் மர்மமும் நிறைந்த கேம்பெய்ன் என்று டிஎம் சொல்லியிருந்தால் இந்த ஓட்டை ஒவ்வொரு செஷனிலும் கடிக்கும்.

அடுத்து, செஷன்களுக்கு நடுவே எவ்வளவு வீட்டுப்பாடம் செய்யத் தயார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விஸார்ட் முதல் லெவலில் ஆறு ஸ்பெல்லோடு தொடங்கி லெவலுக்கு இரண்டு சேர்ப்பார். கிடைத்த சுருளிலிருந்து ஒன்றைப் புத்தகத்தில் ஏற்ற, ஸ்பெல் நிலை ஒன்றுக்கு இரண்டு மணி நேரமும் 50 பொன்னும் ஆகும். கிளெரிக்கும் டுரூயிடும் ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்குப் பிறகும் முழுப் பட்டியலிலிருந்து புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். பிடித்தவருக்குச் சுதந்திரம், பிடிக்காதவருக்குத் தலைவலி. டுரூயிட் ஆடுபவர் தன் கேரக்டர் உருமாறப்போகும் மிருகங்களின் விவரத்தைக் கையில் எழுதி வைத்திருக்க வேண்டும். தன் முறையில் புத்தகம் புரட்டும் டுரூயிடால் மேசை முழுக்கக் காத்திருக்கும். 2014-இன் கான்ஜர் அனிமல்ஸ் எட்டு ஓநாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினால், எட்டுக்கும் தனித்தனியாகப் பகடை. ஆறு பேர் ஆடும் மேசையில் அதைத் தொடாமலிருப்பதே மரியாதை. 2014 சார்சரர் இரண்டே ஸ்பெல்லோடு தொடங்குவார், லெவல் ஏறும்போது ஒன்றைத்தான் மாற்ற முடியும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் நெடுநாள் அதோடுதான் குப்பை கொட்ட வேண்டும்.

ஸ்பெல் போடும் எந்தக் கிளாஸானாலும் கான்சென்ட்ரேஷனைப் பாருங்கள், அதாவது கவனம் கலையாமல் பிடித்துவைத்தால்தான் நீடிக்கும் ஸ்பெல்லா என்று. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைக்க முடியும். அடி பட்டால், அது கலையாமலிருக்க கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது பட்ட அடியில் பாதி, எது அதிகமோ அது. முதல் லெவல் பட்டியலில் நான்கு ஸ்பெல் எழுதி நான்குமே கான்சென்ட்ரேஷன் என்றால் மூன்று வீண். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இரண்டு கிளாஸ்களுக்குள் மனம் ஊசலாடினால் தாளில் சோதித்துப் பாருங்கள். ஆட்ட விதிகளின் சுருக்கமான சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு சப்கிளாஸ் அதில் உண்டு. இரண்டு கிளாஸுக்கும் தொடக்க லெவலில் ஒரு ஷீட், 5-ஆம் லெவலில் ஒரு ஷீட் எழுதுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆக்ஷன், போனஸ் ஆக்ஷன், நகர்வு, ரியாக்ஷன் (மற்றவர் செயலுக்குப் பதில் செயல்) என்று நான்கு வரி போட்டு, வழக்கமான சுற்றில் எதில் என்ன செய்வீர்கள் என்று நிரப்புங்கள். 2014-இல் இரண்டு கத்தி ஏந்திய ரேஞ்சரை நிரப்பினால் சிக்கல் உடனே தெரியும்: ஹன்டர்ஸ் மார்க் (ஒருவரைக் குறிவைக்கும் ஸ்பெல்) போடவும் போனஸ் ஆக்ஷன், அதை இன்னொருவர் மேல் மாற்றவும் போனஸ் ஆக்ஷன், இடக்கை அடிக்கும் அதே போனஸ் ஆக்ஷன். ரோக்குக்கும் ஒரு நுணுக்கம் வெளிப்படும்: ஸ்னீக் அட்டாக் ஒரு முறைக்கு ஒன்று என்பதுதான் விதி, ஒரு சுற்றுக்கு ஒன்று அல்ல. எதிராளி விலகி ஓடும்போது ரியாக்ஷனில் குத்தினால், நிபந்தனை பொருந்தும்வரை, அங்கேயும் அது சேரும்.

பிறகு தொடக்க லெவல் ஷீட்டை எடுத்து, நான்கு காப்ளின்களுக்கு எதிராக மூன்று சுற்று தனியே உருட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏசி 15, ஹிட் பாயின்ட் 7. ஜெயிப்பது முக்கியமில்லை, முதல் லெவலில் தனியாள் தோற்பது சகஜம். உங்கள் முறை எவ்வளவு நேரம் எடுக்கிறது, மூன்றாம் சுற்றிலும் செய்ய ஏதாவது மிச்சமிருக்கிறதா, பகடை மூன்று முறை தவறினால் எரிச்சல் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஒரே அடியை நம்பியிருக்கும் ரோக்குக்குத் தவறினால் அந்தச் சுற்றே பூஜ்யம். அது பொறுக்காதவர்களுக்கு, எதிராளி தப்பித்தாலும் பாதி அடி விழும் ஸ்பெல்கள் உள்ள கிளாஸ் பொருந்தும்.

தேர்ந்தெடுக்காத அந்த இரண்டாவது ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கேம்பெய்ன் லெவல் ஏற ஏற அதையும் ஏற்றிக்கொண்டே வாருங்கள். செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மூன்றாம் நிலை ஸ்பெல். கிளெரிக்குக்கு 5-ஆம் லெவலில், பேலடினுக்கு 9-ஆம் லெவலில் கிடைக்கும். இறந்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், 300 பொன் மதிப்புள்ள வைரமும் அதோடு கரைந்துபோகும். அதற்கு முன்னால் மூன்று டெத் சேவ் (விழுந்தவர் உயிர் பிழைக்க உருட்டும் பகடை) தவறினால், அன்றைய செஷனிலேயே அடுத்த கேரக்டரோடு உட்கார வேண்டியிருக்கும்.